டிரைவர் கிடைக்கவில்லை

வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒன்பது தினாருக்கு வாங்கியது.
எகிப்துக்காரன் பன்னிரண்டு சொன்னான்.
மூடியில் யாரோ ஒட்டிவைத்த கால்பந்து ஸ்டிக்கரைச்
சுரண்டிக் காட்டி மூன்றைக் குறைத்தேன்.
பாஸ்வேர்டு தெரியாத விண்டோஸைத் துடைத்துவிட்டு
பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றினேன்.
கடிகாரம் வந்தது, சத்தம் வந்தது,
தமிழ் எழுத்துகூடக் கால் ஒடியாமல் வந்தது.
வைஃபை மட்டும் வரவில்லை.

மஹ்பூலா, நான்காவது மாடி, இரவு பதினொன்று.
ஏசிக்கு இளைப்பு.
கறுப்புத் திரையில் கேட்டேன்:
உன்னிடம் என்னென்ன இருக்கிறது?
ஒளிக்காமல் சொன்னது.
வைஃபை கார்டும் இருந்தது பட்டியலில்,
செய்தவன் பெயர், எண், எல்லாம் சரியாக.
பக்கத்தில் ஒரு சொல்:
உரிமை கோரப்படாதது.

அந்தச் சொல்லை முன்பு
ஒருமுறை தபால் நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.
இன்னொரு முறை, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்.

"என்னவாம்?" என்றார் சூசை.
"டிரைவர் இல்லையாம்."
கட்டிலில் கிடந்த மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.
சூசை பள்ளிக்கூட பஸ். மதார் தண்ணி லாரி.
காசிலிங்கம் சால்மி ரோட்டில் பதினெட்டுச் சக்கரம்.
"மூணு பேரு சும்மா கெடக்கோம்,
அதுக்கு எந்த லைசென்சு வேணுமாம்?"

டிரைவர் நெட்டில் இருக்கிறது.
நெட்டுக்குப் போக டிரைவர் வேண்டும்.
இதைச் சொன்னபோது காசிலிங்கம் சிரிக்கவில்லை.
சிவில் ஐடி செத்தால் பேங்க் கார்டு சாகும்,
பேங்க் கார்டு செத்தால் அபராதம் கட்ட முடியாது,
அபராதம் கட்டாமல் சிவில் ஐடி பிழைக்காது.
போன வருடம் ஏழு மாதம் அதற்குள் சுற்றியவர்.
"எப்படி வெளிய வந்தீங்க?"
"வேற ஒருத்தன் கார்டுல கட்டுனேன்."

அதுதான் வழி.
என் வயர் சார்ஜ் கொடுக்கும், சேதி கடத்தாது.
மதாரிடம் நல்ல வயர் இருந்தது.
அவர் போனைக் கோர்த்து, அதன் வழியாக வெளியே போய்
ஃபர்ம்வேரை இறக்கினேன்.
சதவீதம் ஏறுவதை
டீசல் முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்திருந்தார்கள்.
அணைத்து எழுப்பினேன்.
கார்டு கண்ணைத் திறந்தது, வாயைத் திறக்கவில்லை.
மறுபடி கேட்டேன்.
மென்தடை: இல்லை.
வன்தடை: ஆம்.

ஒரு மணி. இரண்டு மணி.
ஒரு மாட்யூலைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினேன்.
பழைய கெர்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன்.
வெறுத்துப்போய் ஒரு கெட்ட வார்த்தையைத் தட்டினேன்.
அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது,
மிகப் பணிவாக.

நாலு மணிக்குச் சூசை
பிரஷ்ஷை வாயில் வைத்தபடி வந்து நின்றார்.
"பஸ்ஸ எடுக்குமுன்ன ஒரு சுத்து சுத்திப் பாப்பேன்,"
நுரையோடு சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தூக்கினார்.
அடியில் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார்.
முன் விளிம்பில், நகம் அகலத்துக்கு ஒரு ஸ்விட்ச்.
இடுக்கில் மணல் கெட்டித்துக் கிடந்தது.
பல்குச்சியால் நெம்பினேன்.
டிக்.

பெயர்கள் கொட்டின.
அபூ சாலிஹ். பிலோமினா இரண்டு.
கேட்காதே. கேட்டாலும் தரமாட்டேன்.
லிஃப்ட் ரிப்பேர். ஐந்தாம் மாடித் திருடன்.
படிக்கத் தெரியாத அரபியில் ஏழு.
இரவு முழுக்க இந்தச் சுவர்களுக்குள்
இத்தனை பேர் நடமாடியிருக்கிறார்கள்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பூட்டு.

எங்கள் பூட்டு ரஃபிகுலுடையது. மூன்றாம் மாடி.
மாதம் ஒன்றரை தினார், தலைக்கு.
பாஸ்வேர்டைச் சொல்லமாட்டார்.
நம் போனை வாங்கி, முதுகைக் காட்டி நின்று,
அவரே தட்டிக் கொடுப்பார்.
லேப்டாப் ஒரு தலையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கீழே சூசையின் பஸ் இருமிக் கிளம்பியது.
இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு
இருட்டுப் படியில் இறங்குகிறேன்.
மூடவில்லை.
மூடினால் மறந்துவிடுமோ என்று.