கடைமடையில் நான்கடிக் கடல்

பகலில் என் வேலை
மண்ணில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது.
திருத்துறைப்பூண்டி மண்பரிசோதனைக் கூடம்,
கொக்கி போன ஜன்னலோரம் இரண்டாவது மேசை.
துணிப்பையில், பாலிதீனில்,
ஒருமுறை டிபன் பாக்ஸில்கூட
வயல்கள் வரும்.
கரைத்து, வடித்து, கருவியின் முனையை விட்டால்
எண் சொல்லும்.
மூன்றைத் தாண்டினால் நெல் முகம் சுளிக்கும்.

இரவில் அதே கை
வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்கும்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக்
கடலாக்கும் பைத்தியம்
இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.
"ஊரே உப்பை வெளியில தள்ளப் பாக்குது,
நீ விலை கொடுத்து வாங்கிட்டு வர்றே"
என்பார் இளங்கீரன்.
சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கித் தருவார்.

முதலில் பவளங்கள் மட்டும்தான் இருந்தன.
பொத்தான் பொத்தானாய் விரியும் பச்சை,
காளான் குடை ஒன்று,
விளக்கணைத்தால் விரல்களை மடக்கிக்கொள்ளும்
ஊதா ஒன்று.
நடுவே நாலு நாலு விரல் இடம் விட்டிருந்தேன்,
வரப்பு மாதிரி.
பவளமும் சண்டை போடும்.
ஆனால் வளர்ந்து நெருங்கித்தான் போடும்.
அதற்கு வருடங்கள் ஆகும்.

கடல்சாமந்தியைக் கொண்டுவந்தவர் அவர்.
கல்யாண நாளுக்கு.
சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில்,
தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்து,
மாயவரத்தில் டீக்குக்கூட இறங்காமல்.
"பூ வாங்கிட்டு வந்திருக்கேன்."
பூவுக்குக் கால் உண்டென்று
கடைக்காரன் சொல்லவில்லை போலும்.

ஒற்றைக் கால்.
பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும்.
நாம் வைத்த இடம்
அதற்கு ஒரு யோசனை, அவ்வளவுதான்.
மோட்டார் வாயில் போய் அரைபட்டால்
விடிவதற்குள் தொட்டி முழுக்கச் சாவு.
பழைய கொசுவலையை வெட்டி
வாயைக் கட்டினேன்.
ஒரு மாதம் அது அசையவில்லை.
நானும் நம்பிவிட்டேன்.

கார்த்திகை மழையில் கரண்ட் போன ராத்திரி
அவர் மின்வாரிய ஜீப்பில்
முத்துப்பேட்டைப் பக்கம் எங்கோ
சாய்ந்த கம்பத்தோடு இருந்தார்.
பதினொரு மணி நேரம்.
மோட்டார் இல்லை, காற்றில்லை.
சொம்பால் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர் ஓட்டம் நின்றதும்
அது நடக்க ஆரம்பித்திருக்கிறது.
மூன்று மணிக்கு டார்ச் அடித்தபோது
ஊதாவின் தோளில் கை போட்டிருந்தது.

பெயர்த்தால் பாதம் கிழியும்.
அதனால் பவளத்தைக் கல்லோடு எடுத்தேன்,
எங்கும் போகத் தெரியாத அதை.
ஓரத்தில் கட்டைவிரல் நகமளவு
வெளுத்திருந்தது.

விடிந்து வந்தவர்
செருப்பைக் கழற்றும் முன் கேட்டார்:
"கரண்ட் வந்துச்சா?"
"பூ நடந்துடுச்சு" என்றேன்.
தொட்டி முன்னால் ஈரச் சட்டையோடு
வெகுநேரம் குந்தியிருந்தார்.

திங்கட்கிழமை தில்லைவிளாகத்திலிருந்து
வைரக்கண்ணு வந்தார்.
இரண்டு ஏக்கர், ஒரு பாலிதீன் பை.
ஆறு புள்ளி ஒன்று.
போன வருடம் இரண்டுதான்.
மறுபடி கரைத்தேன். அதே ஆறு புள்ளி ஒன்று.
"நான் ஒண்ணும் கொட்டலைங்க.
ஆத்துல தண்ணி நின்னுச்சுன்னா
அது பாட்டுக்கு நடந்து வந்துரும்."
ஜிப்சம், வடிகால் என்று எழுதிவிட்டு
'நல்ல தண்ணீர் கட்டி வடிக்கவும்' என்ற
மூன்றாவது வரியில்
பேனா கொஞ்சம் நின்றது.
மேட்டூர் மூடி எத்தனை நாள் என்று
அவர் கேட்கவில்லை.
சீட்டை நாலாக மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ராத்திரி கண்ணாடியில் போட்ட கோட்டுக்குக் கீழே
ஒரு விரல் குறைந்திருந்தது.
வெக்கை தண்ணீரைத்தான் குடிக்கும்,
உப்பைத் தொடாது.
அரை வாளி கேன் தண்ணீர் விட்டேன், மெதுவாக.

சாமந்தி நடுக்கல்லில் உட்கார்ந்திருக்கிறது,
சொந்த வீடு மாதிரி.
ஊதாவுக்கு இப்போது இடது மூலை.
நடுவே ஒரு முழம்.
போதுமா தெரியவில்லை.
இன்று அது
இரண்டு விரல்களை மட்டும் திறந்தது.