நாற்பது டாலர்

கிளீவ்லேண்டில் மார்ச் மாதப் பனி
அழுக்குப் பஞ்சாய்த் தெருவோரம் கிடந்த
ஒரு செவ்வாய்க்கிழமை,
எட்டாம் பக்கம், மூன்றாம் கட்டத்தில்
டெல்ஃபீன் புரூசார்ட்
தூணைப் பொய் சொல்ல வைத்தாள்.

பெரிய பொய்யொன்றும் இல்லை.
தங்கை புருஷனிடம் வாங்கிய நாற்பது டாலர்.
தொலைபேசி அடிக்கிறது.
கவிழ்ந்த சரக்கு ரயிலை
ஒற்றைத் தோளில் நிமிர்த்தியவன்
அந்த மணியோசைக்குக் குனிகிறான்.
"நான் வீட்டில் இல்லையென்று சொல்"
என்கிறான் மகளிடம்.

நான் மை போடுகிறவன்.
பென்சில் முணுமுணுப்பதை
உரக்கச் சொல்வது என் வேலை.
அந்த முகத்துக்கு மட்டும் மூன்று தூரிகை மாற்றினேன்.
வெட்கப்படும் கறுப்பு முகத்தில்
நிழல் எங்கே விழும் என்று
பதினோரு வருஷமாக
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
கோபத்துக்குத் தெரியும். வீரத்துக்குத் தெரியும்.
வெட்கத்துக்குக் கண்ணாடி பார்த்துப் போட்டேன்.

நியூயார்க்கிலிருந்து ஆசிரியர் கூப்பிட்டார்.
நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர்.
"நம்மிடம் இருப்பதே அவன் ஒருவன்.
அவன்மேல் பட்டால் எல்லார்மேலும் பட்ட மாதிரி.
வேண்டுமானால் திருஷ்டிப் பொட்டு அளவுக்கு
ஒரு குறை வையுங்களேன்,
உயரமென்றால் பயம், அப்படி ஏதாவது."

அவருடைய மற்ற நாயகர்கள்
குடித்துவிட்டுப் பாதி நகரத்தை இடித்தார்கள்.
மனைவியை மறந்தார்கள், நண்பனை விற்றார்கள்.
அடுத்த இதழில்
கூரைமேல் மழையில் நின்றார்கள்.
மழை கழுவிவிட்டது.
எங்களவனுக்கு
மழையும் ஒதுக்கவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.
சிமியன் முடிவெட்டும் கடையில்
கத்தி என் கழுத்தில் இருக்கும்போது கேட்டார்:
"கடன்காரன். பிள்ளையைப் பொய் பேச வைக்கிறவன்.
இதைத்தானே அவர்கள் நம்மைப் பற்றி
எப்போதும் சொல்கிறார்கள்?
நீயும் ஏன், அதுவும் கலரில்?"
நாற்காலிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.
எனக்குப் பதில் இல்லை.
போன மாதம் வெட்டிய முடிக்கே
அவருக்கு நான் பாக்கி.

டெல்ஃபீனிடம் சொன்னேன்.
ரப்பரை எடுத்தாள்.
உருட்டினாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.
"பேர் வைத்ததே தப்பு" என்றாள்.
"தூணால் உட்கார முடியாது."

அழிக்கவில்லை. ஏனென்று இன்றுவரை கேட்கவில்லை.
ஒருவேளை கெடு தேதி நெருங்கியிருக்கலாம்.

ஜூனில், ஏக்ரன் நூலகத்தில்
கையெழுத்து வாங்க வந்த வரிசையில் ஒரு சிறுமி.
ஒன்பது வயதிருக்கும். ஜலதோஷம்.
எட்டாம் பக்கம் மடிந்து மடிந்து
துணிபோல் ஆகியிருந்தது.
ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை.

"குடுத்துட்டாரா?"
"எதை?"
"நாற்பதை."

டெல்ஃபீன் என்னைப் பார்த்தாள்.
அடுத்த இதழில் அவன்
வேறொரு கிரகத்தில் சண்டை போடுகிறான்.
பணத்தை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

"இன்னும் இல்லை" என்றாள் டெல்ஃபீன்.

சிறுமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பிறகு, அவனுக்காக எங்களிடம் தவணை கேட்பவள்போல,
"வெள்ளிக்கிழமைதானே சம்பளம் வரும்"
என்றாள்.