பாதிச் சுவர்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வரிசையில்
வீடு என்றால் பாதி வீடு.
மீதிப் பாதி லோகன் மூன்சாமியுடையது.
நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.
அதில் சுண்டுவிரல் நுழையும் ஓர் ஓட்டை,
என் கணவர் குமரேசன் போட்டது,
கடன் வாங்கிய டிரில்லால், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

டிஷ் அவர்கள் கூரையில்.
டீகோடர் அவர்கள் மேசையில்.
ஓட்டை வழியே வரும் கறுப்பு வயரின் முனையில்
எங்கள் டிவி.
மாதக் கட்டணத்தில் பாதியை
ஒன்றாம் தேதி ரொட்டிப் பையில் சுற்றிக் கொடுப்பேன்.

ஒரு டீகோடருக்கு ஒரு சேனல்தான்.
அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்.
மருமகள் மயங்கி விழப் போகும் நேரத்தில்
பச்சைத் திடலில் எவனோ பந்து வீச ஓடி வருவான்.
மூன்று முறை சுவரைத் தட்டுவேன்.
மறுபடி மருமகள் வருவாள்,
விழுந்து முடித்திருப்பாள்.

அவன் தட்டுவது இரண்டு:
கடைசி ஓவர், கொஞ்சம் பொறுங்கள்.
பதினோரு வருடம் இப்படித்தான் பேசிக்கொண்டோம்.
வேலியோரம் பார்த்தால் மழையைப் பற்றி.

லோகன் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன்.
அரோகராவைத் தாண்டி ஒரு தமிழ்ச் சொல் தெரியாது.
இருந்தும் என் தொடரைப் பார்த்தான்,
முதலில் வேறு வழியில்லாமல்,
பிறகு வழியிருந்தும்.
மாமியாரின் புருவத்தை மட்டும் வைத்து
அவளை வெறுத்தான்.
'அந்தக் கிழவி இன்றைக்கு என்ன செய்தாள்?'
ஆங்கிலத்தில் கேட்பான், குப்பைப் பையை முடிச்சுப் போட்டபடி.

அவன் மனைவி தனசக்ரி மருத்துவமனையில் கிடந்த மாதம்
இரவு இரண்டு மணிக்கு
எங்கள் டிவியில் சேனல்கள் தாமாக ஓடின.
மீன்பிடி. மல்யுத்தம். பிரசங்கம். மறுபடி மீன்பிடி.
சத்தத்தை அடைத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தேன்.
அவனுக்கு அது தெரியாது.
அவள் திரும்பி வந்தாள், ஒரு சிறுநீரகம் குறைவாக.

போன மார்ச்சில் நடைபாதையைப் பிளந்துகொண்டு
ஃபைபர் வந்தது.
மகன் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு குச்சி அனுப்பினான்,
டிவியின் முதுகில் செருக.
லோகனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.
கடைசிப் பாதியை வாங்கி எண்ணாமல்
சட்டைப்பையில் போட்டான். 'சரி அக்கா.'
தனியாக முழுதும் கட்ட அவனால் ஆகாது.
டிஷ்ஷில் குரங்கு உட்கார்ந்து வளைத்தது;
யாரும் ஏறி நிமிர்த்தவில்லை.

இப்போது எதுவும் தானாக மாறவில்லை.
மருமகளை விழும்போதே நிறுத்திவிட்டு
அரிசி களைந்து வரலாம்,
காற்றில் சாய்ந்தபடி காத்திருப்பாள்.
'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று திரை கேட்கும்.
தட்டுவதற்கு அதில் சுவர் இல்லை.

ஜூனில், மின்வெட்டு முடிந்த ஓர் இரவு,
மூன்று தட்டு.
மூன்று என்னுடைய எண்.
கதவைத் திறந்தால் லோகன், கையில் போன்.
வைஃபை என்றான், கடவுச்சொல் என்றான்,
தரையைப் பார்த்தே சொன்னான்.
ரொட்டிப் பையின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்,
கணக்கின் பெயரையும் சேர்த்து.

காலையில் என் 'தொடர்ந்து பார்க்க' வரிசையில்
என் பழைய தொடர், முதல் பகுதி,
கீழே ஆங்கில எழுத்துகளோடு.
இரண்டு நாளில் ஒன்பது. பிறகு முப்பது.
இந்த மனிதன் தூங்கவே மாட்டானா?

சனிக்கிழமை, ஈரத் துணியோடு நான் நிற்க,
வேலிக்கு ஓடி வந்தான்:
'அக்கா, அந்தக் கிழவி
ஒரு பொய்கூடச் சொல்லவில்லை!
எல்லாம் மருமகள்! முதல் நாளிலிருந்தே மருமகள்!'
தமிழ் தெரிந்து பதினோரு வருடம் பார்த்தவள் நான்.
'உளறாதே' என்றேன்.

அன்றிரவு அவன் நிறுத்திய இடத்தைத் திறந்தேன்.
நாற்பத்தாறாம் பகுதி, பதினேழாம் நிமிடம்.
மாமியார் வாய் திறந்தபடி நின்றிருந்தாள்.
எழுத்துகளை அணைக்கவில்லை.
பேசட்டும் என்று பட்டனை அழுத்தினேன்.