பதினான்காம் நாள் படிவம்

இரண்டு கட்டங்கள்தாம் இருக்கின்றன.
முன்னேற்றம் உண்டு.
முன்னேற்றம் இல்லை.

உண்டு என்று போட்டால்
அப்படியானால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பார்கள்.
இல்லை என்று போட்டால்
இனி வைத்திருந்து என்ன பயன் என்பார்கள்.
இரண்டுமே
வறீதையாவைக் கருங்கல் பஸ் ஸ்டாண்டில்
இறக்கிவிட்டுப் போகிற வண்டிகள்.

ஆறாம் எண் கட்டில். குறும்பனை. வயது அறுபத்தொன்று.
கழுத்தில் துளை, மூக்கில் குழாய்,
இடப்பக்கம் முழுதும் கரையேற்றிய வள்ளம்.
மகன் வேலை பார்க்கும் தோஹா கம்பெனியின் இன்சூரன்ஸ்
இந்தக் கட்டிலுக்குப் பணம் கட்டுகிறது,
பதினான்கு நாளுக்கு ஒருமுறை
நான் காரணம் சொன்னால்.

இடுப்புக்குக் கீழே ஒரு புண்.
காகித அளவுகோல் வைத்து அளக்கிறேன்.
நான்கு சென்டிமீட்டர்.
போன தடவையும் நான்கு.
அதற்கு முந்தின தடவையும்.

சென்னையிலிருந்து பேசிய பெண்குரல்
மரியாதையாகத்தான் கேட்டது:
"மருந்து மாறல, புண் மாறல,
பதினாலு நாளா எதுவுமே நடக்கலியே சிஸ்டர்.
இதுக்குப் படிச்ச நர்ஸ் எதுக்கு?
வீட்டுல பொண்ணு இருக்காங்கல்ல?"

இருக்கிறாள். பிரிஜித்தாள்.
அண்டி ஆபீசில் தோடு உடைத்து
எண்ணெய் பொள்ளிய விரல்கள்.
ஞாயிறு பூசை முடிந்து நேரே இங்கே வருவாள்.
சளி உறிஞ்சும் குழாயை ஒரு டம்ளர் வெள்ளத்தில் விட்டு
பத்து எண்ணி முடிப்பதற்குள் எடுத்துக் காட்டுவாள்.
வெள்ளத்தில் ஒரு பிழையும் இல்லை.
அப்பனின் தொண்டைக்கு வந்ததும்
கை நின்றுவிடும்.
"எனக்க கையில மூச்சு நிண்ணு போச்சுண்ணா
பொறவு நான் எப்பிடி சிஸ்டரே இருப்பேன்?"
அதற்கும் படிவத்தில் கட்டமில்லை.

எதுவுமே நடக்கவில்லை.
இரவு ஒரு மணிக்குச் சளி அடைத்தது, எடுத்தேன்.
மூன்று மணிக்கு ஒரு பக்கம்,
ஐந்துக்கு மறுபக்கம்.
செவ்வாய்க்கிழமை குழாயில் வந்த நிறம் பிடிக்காமல்
டாக்டரைத் தூக்கத்தில் எழுப்பித் திட்டு வாங்கினேன்.
காய்ச்சல் வரவில்லை.
வராத காய்ச்சலுக்கு
யாரிடம் சான்று வாங்குவது?

குளச்சலிலிருந்து என் பஸ் கடலோரமாக வரும்.
அவர் ஊர்த் தூண்டில் வளைவில்
லாரி லாரியாகக் கொட்டிய கல் கிடக்கிறது.
அதனால் கரை ஓரடிகூட வளரவில்லை.
அந்தோனியார் குருசடி
நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நிற்கிறது.

கல் எதற்கு என்று கேட்பவர்களை
ஆடி மாதம் ஒரு ராத்திரி
அங்கே படுக்கச் சொன்னால் போதும்.

இன்றைக்கு நான் கட்டத்தில் குறி போடவில்லை.
இரண்டுக்கும் நடுவில் கிடந்த வெள்ளை இடத்தில்
சின்ன எழுத்தில் தொடங்கினேன்.
ஓரம் தீர்ந்து பின்பக்கமும் போயிற்று:
எத்தனை தடவை உறிஞ்சினேன், என்ன நிறம்,
எதைப் பார்த்துப் பயந்தேன்,
பயந்ததால் எது நடக்கவில்லை.
நான்கு சென்டிமீட்டர் என்பதன் பக்கத்தில்
ஐந்து அல்ல
என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.
பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது கொஞ்சம்.

சாயங்காலம் பதில்.
கேட்டது பதினான்கு.
தந்தது ஏழு.
எட்டாம் நாள் மறுபரிசீலனை.

வறீதையாவிடம் சொன்னேன்.
பேச்சு கிடையாது.
அலை தணியட்டும் என்று
வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல
வலது கண்ணால் கொஞ்சநேரம் பார்த்தார்.

சரி அண்ணே, மணி மூணாச்சு.
இந்தப் பக்கம் திரும்புவோம்.