காயமடைந்த இடம்

பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்பக்கம் என் கடை.
ஒரு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின்,
கரண்ட் போகும் நாளுக்கு நாலு பேனை.
தமிழ்ப் படிவம் ஐம்பது ரூபா,
சிங்களம் எண்பது.
சிங்களம் நான் படித்தது புனர்வாழ்வு முகாமில்.
அதை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

வாசலில் பழுதான கொப்பிகள் போடும் பெட்டி.
திருகோணமலைத் தெருமான்கள்
அதில் தலைவிட்டு மேயும்.
கொம்பு முறிந்த ஒன்றுக்கு
பிறப்புச் சான்றிதழ் என்றால் நல்ல விருப்பம்.

சல்தீன் முதலில் வந்தது ஒரு செவ்வாய், பதினொரு மணிக்கு.
துவான் ஜலால் சல்தீன், ஓய்வுபெற்ற கோப்ரல், பாலையூற்று.
இரண்டு செருப்பில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது.
மகளுக்குப் பேராதனையில் மிருக வைத்தியம் கிடைத்திருக்கிறதாம்.
அறை வாடகை, சாப்பாடு, வெள்ளை மேலங்கி
எல்லாவற்றையும் பிஸ்கட் பெட்டி மட்டையில்
கூட்டி வைத்திருந்தார்.
கூட்டல் சரி.
ஓய்வூதியம்தான் காணவில்லை.

தேடினோம்.
படைவீரர் பிள்ளைகளுக்கு ஒரு வங்கி கொடுக்கிறது,
இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்.
"அதுக்கு நான் கொஞ்சம் பிந்திட்டன்" என்றார்.
ஒரு கம்பனி கொடுக்கிறது, பொறியியலுக்கு.
இன்னொன்றுக்கு முடிவுத் திகதி போன வெள்ளி.
மிஞ்சியது ஒரு நலன்புரிச் சங்கத்தின் படிவம்,
ஒன்பது பக்கம், முழுக்கச் சிங்களம்.

சேவை இலக்கம்?
மூச்சுவிடாமல் சொன்னார்.
எனக்கும் ஒரு இலக்கம் இருந்தது.
மறக்கத்தான் பார்க்கிறேன்.

காயமடைந்த இடம்?
"முழங்காலுக்குக் கீழ, இடது."
அந்த இடம் இல்லை, ஊர்.
"ஓ. சம்பூர். ரெண்டாயிரத்து ஆறு, ஓகஸ்ட்."
குடாவுக்கு அப்பால்
மழை விட்ட நாளில்
கடையின் பின் யன்னலால் தெரிகிற கரை.
விரல் ஒரு கணம் எழுத்தைத் தேடியது.
அந்த ஓகஸ்டில் நான் எங்கே இருந்தேன் என்று
படிவம் கேட்கவில்லை.
அவர் என் வலக்கையைப் பார்த்தார்,
மூன்று விரலால் தட்டுகிற கை.
"வேகமா அடிக்கிறீங்க" என்றார்.

பிறகு, "உங்கட பிள்ளையள்?"
ஒரு மகன். மொறட்டுவைக்குக் கிடைச்சிருக்கு.
"தகப்பன்?"
மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது.
குனிந்து இழுத்தேன்.
தேவைக்கு மேல் நேரம் எடுத்து இழுத்தேன்.
எண்பது ரூபா நீட்டினார்.
எண்பதையும் வாங்கினேன்.

மகனுக்காக இரவுகளில் நானும் தேடியிருக்கிறேன்.
தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில்
எதை எழுதினாலும் இன்னொரு கேள்வி முளைக்கும்:
இறப்புச் சான்றிதழ் உண்டா, இல்லையெனில் ஏன்.
'ஏன்' என்பதற்கு அவர்கள் விட்டிருக்கும் இடம்
ஒரு விரல் நீளம்.
கையில் எடுத்த சீட்டுக் காசு
முதல் தவணைக்குப் போதும்.
அதற்கடுத்ததை நான் நினைப்பதில்லை.

இன்று மறுபடி சல்தீன்.
சங்கத்திலிருந்து பதில் வந்ததாம்:
பரிசீலனையில் இருக்கிறது.
அதைச் சொல்ல வரவில்லை அவர்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் மகளின் கையெழுத்து,
மணிமணியாக:
ஓர் அறக்கட்டளையின் விலாசம்,
விண்ணப்பம் கடிதமாக,
பெறுபேறு, தாயின் வருமானம், கிராம சேவகர் ஒப்பம்.
கீழே இரண்டு கோடிட்டு,
தகப்பனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தவளாம்" என்றார்
என்னைப் பார்க்காமல், மானைப் பார்த்து.
"நாளைக்குக் கடைசி நாள்."
எவ்வளவு தர வேண்டும் என்று கேட்க வாய் வந்தது,
பழக்கதோஷம்.
ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலை இழுத்து
அவர் படியிறங்கினார்.

பத்து நிமிடத்தில் கரண்ட் போனது.
நாலு பேனையையும் எடுத்து
எது எழுதும் என்று
மேசையில் கிறுக்கிப் பார்க்கிறேன்.