பதினொன்று வரை எண்ணுதல்

உப்பு போதுமா என்று கேட்டேன்.
தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு
போதும் என்றான் இல்மார்ஸ்.

பிப்ரவரியில் கூரைப் பனியைத் தள்ள ஏறியவன்
பனியோடு சேர்ந்து இறங்கினான்.
எலும்பெல்லாம் கூடிவிட்டது. தலைமுடியும் வளர்ந்து
தையலை மூடிவிட்டது.
"நல்லாத் தேறிட்டாரே, விஸ்மா"
என்கிறார்கள் மாடிப்படியில்.

ரீகாவில் இருபத்திரண்டு வருடம் டிராம் ஓட்டியவன்.
ஈரத் தண்டவாளத்தில் நாய் குறுக்கிட்டால்
நாய் மிரளுமுன் பிரேக் விழுந்திருக்கும்.

இப்போது மருத்துவமனைக் கணினியில்
சிவப்பு வட்டம் தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்.
வட்டம் வந்தது.
போனது.
அழுத்தினான்.
சரியா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

தட்டில் இடப்பக்கத்து உருளைக்கிழங்கு அப்படியே கிடக்கும்.
பசியில்லையா என்று முதல் வாரம் அழுதேன்.
இப்போது பாதியில் தட்டைத் திருப்பி வைக்கிறேன்.
யாரோ புதிதாய்ப் பரிமாறியதுபோல்
கண் விரிக்கிறான்.

ரேடியோவை நிறுத்தியாயிற்று.
கடிகாரத்தைக் கழற்றிக் குளியலறையில் மாட்டினேன்.
டீயா காபியா என்று கேட்டால் இரண்டும் ஆறிப்போகும்;
டீ? என்று மட்டும் கேட்டுவிட்டு
மனசுக்குள் எண்ணுகிறேன்.
ஒன்பது, பத்து.
பெரும்பாலும் பதினொன்றில் வந்துவிடுகிறது.
அவன் தங்கை ஸைகாவுக்கு ஐந்துக்கு மேல் பொறுக்காது.
"அண்ணா, காதில் விழுகிறதா?" என்பாள்.
கிளம்பி வந்துகொண்டிருந்த பதில்
மறுபடி முதல் நிறுத்தத்திலிருந்து புறப்பட வேண்டும்.

புதன்கிழமை எனக்கும் பொறுக்கவில்லை.
இடக்கைச் சட்டை முதுகில் தொங்க
அவன் வெளியே கிளம்பத் தயாராய் நின்றபோது,
மூன்றாவது முறை,
நான் போய்விடட்டுமா என்று கேட்டுவிட்டேன்.
எண்ணவில்லை.
குப்பை கொட்டப் போவதாய்ச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.
முற்றத்தில்தான் பார்த்தேன், பை காலி.

திரும்பி வந்தபோது
ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்,
வலப்பக்கத்து ஜன்னலை.

அன்றிலிருந்து அவன் வாயெடுக்கும்போதெல்லாம்
கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நேற்று இரவு விளக்கணைத்து வெகுநேரம் கழித்து
"வேண்டாம்" என்றான்.

சாயங்காலம் இன்னொரு கரண்டி சூப் ஊற்றட்டுமா
என்று கேட்டிருந்தேன்.
பீட்ரூட் சூப்.
அதற்காகவும் இருக்கலாம்.

எது வேண்டாம் என்று கேட்கவில்லை.
அவன் வலப்பக்கத்தில் படுத்துக்கொண்டு
பதினொன்று வரை எண்ணினேன்,
பிறகு இன்னும் கொஞ்சம்.