மை படாத விரல்

பாலக்கோடு பள்ளியில் இரண்டாம் கட்டப் பயிற்சி.
இயந்திரத்துக்கு எப்படி முத்திரை வைப்பது என்று
மூன்றாவது முறையாகச் சொன்னார்கள்.
சாம்பார் சாதம் பதினொன்றரைக்கே வந்துவிட்டது.

அப்புறம் வேதியியல் ஆய்வகத்தில்
அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில்
அட்டை வைத்து மறைத்த மேசையில்
என் ஓட்டைப் போட்டேன்.
ஊர் போட இன்னும் ஒன்பது நாள்.

படிவத்தில் கையெழுத்து.
சின்ன உறைக்குள் சீட்டு,
பெரிய உறைக்குள் சின்ன உறை.
பசை தீர்ந்துவிட்டது.
ஷகிலா டீச்சர் பொட்டலத்தில் மிஞ்சிய
நாலு பருக்கையை நீட்டினார்.
வரப்போகிற அரசாங்கத்தைச்
சோறு வைத்து ஒட்டினேன்.

வெளியே வந்து விரலைப் பார்த்தேன்.
தபால் ஓட்டுக்கு மை கிடையாது.
எண்ணூறு பேருக்கு மை வைக்கப்போகிறவள் நான்,
என் விரல் மட்டும்
இன்னும் ஒன்றும் முடிவு செய்யாதவள் விரல் மாதிரி.

பஸ் இறங்கியதும் பஞ்சாயத்துச் சுவர்.
பாதிச் சுவரில் சீப்பு, பாதிச் சுவரில் ஏணி.
இரண்டு வருஷம் முன்புவரை ஒரே கட்சி,
ஒரே கொடிக்கம்பம்.
பிரிந்தபோது பழைய சின்னம் முடங்கிப்போனது.
மாதையன் அணிக்குச் சீப்பு கிடைத்தது,
பச்சியப்பன் அணிக்கு ஏணி.
மாதையனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.
ஊரே சிரித்தது, மாதையனும் சிரித்தார்.
இரண்டு அணியும் சேர்ந்து செய்த கடைசிக் காரியம் அது.

என் வீட்டுக்காரர் ஏணி.
அவர் தங்கையைக் கட்டியவர் சீப்பு.
இந்தப் பொங்கலுக்குச் சீர்வரிசையை
மாரண்டஅள்ளி பஸ்ஸில்
கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினோம்.
பித்தளைத் தவலைக்கும் ஒரு டிக்கெட் போட்டார்.

சாயங்காலம் இரண்டு வண்டியும் வந்தன.
"டீச்சரம்மா, உங்க ஓட்டு…"
"போட்டாச்சு."
"யாருக்கு?"
"உறைக்கு."

இனி யாரும் என்னிடம் வாங்க ஒன்றுமில்லை என்றானதும்
காது திறந்துகொண்டது.
சீப்பு சொன்னதையே ஏணியும் சொன்னது:
தக்காளிக்கு விலை.
கடைசித் தெருவுக்கும் ஒகேனக்கல் தண்ணீர்.
போன மாசம் கூடை கூடையாகத் தக்காளியை
ரோட்டோரம் கொட்டினோமே,
அதில் எது எந்த அணித் தக்காளி?

கும்பிட்டுச் சிரித்தவர்களின் பல்லைப் பார்த்தேன்.
காவி படிந்த பல்.
போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வாய்.
ஃபுளோரைடு என்பார்கள் வெளியூர் டாக்டர்கள்.
தேய்த்தாலும் போகாது.
சீப்புக்காரருக்கும் அதே கறை, ஏணிக்காரருக்கும் அதே கறை,
பதில் சிரிப்பு சிரித்த எனக்கும்.
அழியாத மையை எங்களுக்கெல்லாம்
ஏற்கெனவே வைத்துவிட்டார்கள்,
விரலில் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன்.
சீட்டில் நாலாவது ஒருவர், ஐந்தாவது மற்றவர்.
இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கோட்டின்மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கோட்டின்மேல் குறித்தால் செல்லாது.
இதைப் பத்தாம் வகுப்புக்குக்
கரும்பலகையில் போட்டுக் காட்டியவளே நான்தான்.
குறித்தேன், ஒருவருக்கு.
சேர்ந்துவிடுங்களேன் என்ற என் ஆசைக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.
ஜெயிக்கிறவர் மறுநாள் காலை
தோற்றவர் வீட்டில் ஒரு காபி குடிக்கட்டும்,
சர்க்கரை தூக்கலாக.

எண்ணும்போது முதலில் எடுப்பது தபால் ஓட்டைத்தான்.
காலை எட்டு மணிக்கு யாரோ ஒருவர்
என் உறையைக் கிழிக்கும்போது
காய்ந்த பருக்கை ஒன்று மேசையில் விழும்.
அவர் ஊதிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

ராத்திரி நாத்தனார் போன் செய்தாள்.
"ஓட்டுப் போட்டுட்டீங்களாமே அண்ணி.
யாருக்குன்னு கேக்கல.
உங்க தவலை இங்கயே கெடக்குது.
ஞாயித்துக்கெழம கொண்டாரட்டா?"
கொஞ்சம் நிறுத்தி,
"அவரையும் கூட்டிக்கிட்டு?"

அப்போது பார்த்து ஏணி வண்டி
ஒலிபெருக்கியோடு வாசலைக் கடந்தது.
நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.
வண்டி திருப்பம் தாண்டும்வரை பொறுத்து
இன்னொரு தரம் சொன்னேன்.